பதினெட்டாயிரம் எந்த மாதத்தில் வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 30ஆம் தேதியை அரசு மருத்துவமனைகள் 'மருத்துவமனை தினம்' என்று கொண்டாடுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள் அது. ஆனால் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் பக்கத்துப் பெண்களிடம் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. "பதினெட்டாயிரம் ஏறிட்டா?" என்று கேட்டால் உடனே தெரியும். அந்தப் பதினெட்டாயிரத்தின் முழுப்பெயர் 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்'. அந்தப் பணம் ஏன் வேளைக்கு வருவதில்லை, எங்கே சிக்குகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று எழுதத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் அம்மையாரின் அரசியல் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் திட்டத்தில் உள்ள பிழை எது என்று அங்கேதான் புரியும்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் முதல் மாணவி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். 1927இல் அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். ஆகச் சட்டமன்றத்தில் அவர் இருந்தது நான்கு வருடத்துக்கும் குறைவு. அதற்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வசதி, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகை, பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 16 ஆக்குவது என்று வரிசையாகத் தீர்மானம் கொண்டுவந்தார். இன்று அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் நடமாடும் மருத்துவக் குழு வந்து பல்லையும் கண்ணையும் இதயத்துடிப்பையும் பார்த்துவிட்டுப் போகிறதே, அந்த எண்ணத்தை அவர் அவையில் வைத்து நூறு வருடம் ஆகப்போகிறது.

பலரும் அவரை நினைவுகூர்வது தேவதாசி ஒழிப்புக்காக. அதில் அவர் வேலை செய்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 1927இல் முதலில் ஒரு தீர்மானம். பெண்பிள்ளைகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை நிறுத்த அரசு சட்டம் செய்ய வேண்டும் என்று அவை பரிந்துரைத்தது. தடைச் சட்டத்துக்கான மசோதாவை அவர் கொண்டுவந்தது 1930இல். இரண்டுக்கும் நடுவில் 1929இல், அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. பேச்சாளர்கள் மேடையில் அதிகம் சொல்லாத பகுதி இதுதான். கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலத்தில்தான் அந்தக் குடும்பங்கள் சாப்பிட்டன. பெண் ஊழியத்தை விட்டால் நிலம் போகும். நிலம் போகக்கூடாது என்றால் அடுத்த தலைமுறையில் இன்னொரு பெண்பிள்ளைக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். இந்தக் கயிற்றை முதலில் அறுத்துவிட்டது அந்தத் திருத்தம். ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அனுபவித்து வந்தவர்களுக்கே என்று ஆனது. தடைச் சட்டம் நிறைவேறியதோ 1947இல். பதினெட்டு வருடம் முன்னாலேயே அந்தப் பெண்களின் சாப்பாட்டுக்கு வழி செய்தாகிவிட்டது.

"இதைச் செய்யாதே" என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு முன்னால், அதைச் செய்யாமல் இருக்க அவளுக்கு முடியுமா என்று பார்த்தவர் அவர். மகப்பேறு நிதிக்கு அவர் பெயரை வைத்தது எல்லா வகையிலும் பொருத்தம். கர்ப்பிணியிடம் "ஓய்வெடு, நன்றாகச் சாப்பிடு" என்று சொல்வதற்கு முன் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை.

(அதே போராட்டத்தில் நின்ற மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரும் ஒரு பெண்கள் நலத் திட்டத்தில் இருக்கிறது. முதலில் திருமண உதவியாக இருந்தது, 2022 முதல் மாணவிகளின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாறியது. காலத்துக்குத் தக்கபடி திட்டத்தை மாற்றி அமைக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.)

மகப்பேறு நிதியின் தொகை 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. இதில் ரொக்கம் 14,000. மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2018 முறையில் ரொக்கம் ஐந்து தவணை: 12 வாரத்துக்குள் பதிந்தால் 2,000, நான்காம் மாதம் 2,000, பிரசவம் ஆனதும் 4,000, குழந்தைக்குப் பென்டா என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியின் மூன்றாவது ஊசி போட்டதும் 4,000, ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டதும் 2,000. பிறகு இதை மூன்று தவணையாகச் சுருக்கினார்கள். கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தையின் நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. பெட்டகம் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும். 19 வயது நிறைந்தவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்.

தவணையைச் சுருக்கியதில் நன்மை உண்டு. ஐந்து தடவை சிக்குவதற்குப் பதில் மூன்று தடவை. முதல் தொகையும் பெரிதானது. ஆனால் நான்காம் மாதம் வந்த 6,000க்குப் பிறகு அடுத்த ரொக்கம் கைக்கு வரக் கிட்டத்தட்ட ஒன்பது, பத்து மாதம் ஆகும். அந்த இடைவெளியில்தான் எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம், பிரசவம், பச்சை உடம்பு எல்லாமே வருகிறது.

இது ஏன் இந்த மாவட்டத்தில் மற்ற இடத்தைவிட அதிகம் உறைக்கிறது என்றால், பீடி. மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர், தாமிரபரணிக்கு இருகரையிலும் ஊர் ஊராக ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றினால்தான் காசு, சுற்றாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. மடியில் தட்டை வைத்துக் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை. எட்டாம் மாதம் வயிறு இடிக்கும், கால் வீங்கும், தூள் நெடி மூச்சை அடைக்கும். அப்போதும் "இந்த வாரம் கணக்கு முடியட்டும்" என்று சுற்றுகிறார்கள். ஓய்வெடு என்று சொல்லும் செவிலியருக்கு அந்த வீட்டில் பதில் இல்லை. வேலையை விட வேண்டிய வாரத்தில் பணம் வராமல், விட்டு ஐந்தாறு மாதம் கழித்து வந்தால் அது வாங்கிய கடனை அடைக்கத்தான் போகும்.

இனி இந்தத் தவணைப் பணம் எங்கெங்கே சிக்குகிறது என்று சொல்கிறோம்.

முதல் சிக்கல் வாரக் கணக்கு. கர்ப்பத்தைக் கணக்கிடுவது கடைசியாகத் தூரமான (மாதவிலக்கான) முதல் நாளிலிருந்து. நம் வீடுகளில் எண்ணுவது நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து. இரண்டுக்கும் நான்கு வாரம் வித்தியாசம். வீட்டில் "ரெண்டு மாசம்தான் ஆகுது" என்று இருப்பார்கள், கணக்குப்படி மூன்று மாதம் முடிந்திருக்கும், பதிவு தள்ளிப்போகும். இதோடு, மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக்கூடாது என்ற பழக்கமும் சேர்ந்துகொள்ளும். கண்ணேறு பட்டுவிடும் என்ற பயம் பெரியவர்களுக்கு. தெருவுக்குச் சொல்ல வேண்டாம், செவிலியருக்குச் சொன்னால் போதும். அவர் வீட்டுக்கு வந்து சத்தம்போட்டுச் சொல்லப்போவதில்லை. நாள் தள்ளி ஒரு வாரத்திலேயே துணைச் சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் தூரமான தேதியைச் சுழித்து வைக்கும் பழக்கம் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இரண்டாவது, தனியார் ஸ்கேன். நெல்லை டவுனிலோ ஜங்ஷனிலோ முதல் ஸ்கேன் எடுத்து ஒரு ஃபைல் கையில் வந்ததும் பதிவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகாது. கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி இணையதளத்தில் ஏறி 12 இலக்க ஆர்சிஎச் எண் (தாய் சேய் பதிவு எண்) கையில் வந்தால்தான் பதிவு. 102 என்ற தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டோ இணையத்திலோ நாமே விவரம் கொடுக்கலாம். ஆனால் அதைக் கிராம சுகாதாரச் செவிலியர் சரிபார்த்த பிறகே எண் கிடைக்கும். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக்கூடாது. நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்ணைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: பெயரும் வங்கிக் கணக்கும். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கியில் மாப்பிள்ளை இனிஷியல், ரேஷன் கார்டில் இரண்டும் இல்லை. ஆதாரில் 'சுப்புலட்சுமி', பாஸ்புத்தகத்தில் 'சுப்புலெட்சுமி'. நம் பக்கத்து உச்சரிப்பே ஒரு எழுத்தைக் கூட்டிவிடும். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். கல்யாணம் ஆன கையோடு ஆதாரையும் பாஸ்புத்தகத்தையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கர்ப்பம் தரித்த பிறகு அலைய ஆரம்பித்தால் நான்காம் மாதம் தாண்டிவிடும்.

கணக்கில் பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது. மாமியாரோடோ கணவரோடோ கூட்டுக் கணக்கு வேண்டாம், அந்தப் பெண்ணின் தனிக் கணக்கு வேண்டும். ஜன்தன் கணக்கு தொடங்கி இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் அது முடங்கிவிடும். நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். 2020இல் வங்கிகள் இணைந்தபோது சிண்டிகேட் வங்கி கனராவோடும் ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண் மாறிவிட்டது. பழைய பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தால் பழைய எண்தான் ஏறும், பணம் திரும்பிப் போகும். ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். செவிலியரிடம் கொடுத்த பாஸ்புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். அது பீடிச் சம்பளத்துக்காகத் திறந்த கணக்கிலோ கல்லூரி உதவித்தொகைக் கணக்கிலோ பேசாமல் கிடக்கும். வங்கியில் "என் ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

கைபேசி எண்ணும் அப்படித்தான். மாப்பிள்ளை மும்பையில் இருப்பார், எண் அவருடையது. ஓடிபி அங்கே போகும், இங்கே செவிலியர் காத்திருப்பார். பெண்ணின் கையில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள்.

நான்காவது, தாய் வீடு. தலைப்பிள்ளை தாய் வீட்டில் என்பது நம் முறை. ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு முடிந்து பெண் கிளம்பிவிடுவாள். பதிந்தது நாங்குநேரி, பிரசவம் அம்பாசமுத்திரம், குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரப் பென்டா ஊசி அம்மா வீட்டு ஊரில். அந்த மூன்றாவது ஊசி பிக்மியில் ஏறாவிட்டால் நான்காம் மாதப் பணம் நகராது. ஊசி போட்டது உண்மை, அட்டையில் எழுதியதும் உண்மை, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்காது. ஒரு பக்கத்துச் செவிலியர் "அங்கே ஏற்றணும்" என்பார், அந்தப் பக்கத்தவர் "இங்கே பதியலையே" என்பார். இருவர் மேலும் தவறில்லை. ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வேலை பார்ப்பவர்கள், பக்கத்துத் துணை நிலையம் காலியாக இருந்தால் அதற்கும் அவர்களே பொறுப்பு. வளைகாப்புக்கு நாள் குறித்ததும் தாய் சேய் அட்டையையும் 12 இலக்க எண்ணையும் எடுத்துக்கொண்டு இரண்டு ஊர்ச் செவிலியரிடமும் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட அன்றே "பதிவில் ஏறிட்டா" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். மலைமேல் காணிப் பழங்குடி மக்களுக்கு இதெல்லாம் இன்னும் கடினம். இஞ்சிக்குழியிலிருந்து காரையாறு அணையைப் படகில் கடந்து வந்து வங்கிக்குப் போக ஒரு முழு நாள் போகும். ஒரு எழுத்துப் பிழைக்காக அவர்களை இரண்டு தடவை இறங்கவைப்பது பாவம்.

பெட்டகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்துமாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், புரத பிஸ்கட், இரும்புச்சத்து டானிக், குடற்புழு மாத்திரை என்று நல்ல பொருளாகத்தான் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட்டும் பழமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடும். அதைத் தடுக்க முடியாது, தாயின் மனது அது. ஆனால் டானிக்கும் மாத்திரையும் அலமாரியில் தூங்குவதைத் தடுக்கலாம். குடித்தால் வாயில் துருச் சுவை, மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு மந்தம் என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்பு செய்கிற வேலை, பயப்பட வேண்டியதில்லை. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் போடக்கூடாது, ஒன்றை ஒன்று தடுக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, காலையும் மதியமும் சாப்பாட்டோடு சுண்ணாம்பு என்று பிரித்துக்கொண்டால் மறக்காது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகப் பிடிக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சோகை. 7க்குக் கீழே போனால் வீட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். பீடித்தட்டின் முன் டீயைக் குடித்தே பசியை ஆற்றும் பெண்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

வயது நிபந்தனையில் எங்களுக்கு மாறுபட்ட கருத்து உண்டு. 19 நிறையாதவர்களுக்கு இல்லை என்பது இளவயதுக் கல்யாணத்தைத் தடுக்கவென்று புரிகிறது. திருமண வயதை உயர்த்தப் போராடியவரின் பெயர்த் திட்டத்தில் அது இருப்பதும் நியாயம். ஆனால் 18 முடிந்து கல்யாணம் சட்டப்படி நடந்து, அதே வருடம் உண்டாகிவிட்ட பெண்தான் எல்லோரையும்விட மெலிந்தவள். ரொக்கத்தை நிறுத்தினாலும் பெட்டகத்தை நிறுத்தக்கூடாது. தண்டனை வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது.

அரசிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்பது இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் பரிசோதனை. மாதத்தில் ஒரு செவ்வாய், அங்கேயே ஒரு மேசையில் வங்கி ஊழியரும் இன்னொரு மேசையில் ஆதார் திருத்தும் கருவியும் இருக்கட்டும். இனிஷியல், முடங்கிய கணக்கு, பழைய ஐஎஃப்எஸ்சி, தவறான இணைப்பு எல்லாம் ஒரே இடத்தில் தீரும். நிறைமாதப் பெண் மூன்று அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

திரும்பிப்போன பணத்துக்குக் காரணம் என்ன என்பது வட்டார அளவில் தெரிகிறது, அந்தப் பெண்ணுக்குத் தெரிவதில்லை. "வரும்மா, வரும்" என்ற பதிலோடு மாதம் போகிறது. பெயர் பொருந்தவில்லையா, கணக்கு முடங்கியதா, ஊசி பதிவாகவில்லையா என்று ஒரு வரிக் குறுஞ்செய்தி தமிழில் அவள் எண்ணுக்குப் போக வேண்டும். காரணம் தெரிந்தால் அவளே போய்ச் சரிசெய்துகொள்வாள்.

தவணையை மாற்ற வேண்டும். குழந்தையின் நான்காம் மாதம் கொடுக்கும் 6,000த்தைப் பிரித்து, 3,000ஐக் கர்ப்பத்தின் எட்டாம் மாதப் பரிசோதனை முடிந்ததும் கொடுக்கட்டும். மீதி 3,000 மூன்றாவது பென்டா ஊசிக்குப் பின் இப்போதுபோலவே வரட்டும். ஊசிக்கான ஊக்கமும் குறையாது, எட்டாம் மாதம் வந்து பரிசோதனை செய்துகொள்ளவும் ஒரு காரணம் சேரும். அந்தப் பரிசோதனையில்தான் ரத்தக்கொதிப்பும் கால் வீக்கமும் குழந்தை திரும்பியிருக்கும் நிலையும் தெரியவரும். அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு கிடையாது, தேதி மட்டும்தான் மாறுகிறது. வருகிற ஜூலை 30க்குள் இதற்கு ஓர் அரசாணை வந்தால், அதற்குப் பின் எட்டாம் மாதத்தை எட்டும் பீடிக்காரப் பெண்கள் தட்டைக் கீழே வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்கள் சிலர்,
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.